டயர் கோளாறு: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

ஒரு பக்கம் தேய்ந்த டயரைக் கழற்றிவிட்டுப் புது டயர் போடுகிறோம். தேய்த்த காரணம் அப்படியே இருந்தால் புது டயரும் சில மாதத்தில் அதே பக்கம் தேய்ந்து நிற்கும். அதனால் டயர் கடைக்குப் போகும் முன்பே எந்தச் சில்லு, என்ன அறிகுறி, எப்போது தெரிகிறது என்ற மூன்றுக்கும் பதில் வைத்திருக்க வேண்டும். திருகோணமலைப் பக்கம் ஓடும் கார்களையும் சிறு வான்களையும் மனதில் வைத்து எழுதியது இது. இங்கே உப்புக்காற்று ரிம்மைத் தின்கிறது, கச்சான் வீசும் மாதங்களில் வெயில் ரப்பரைக் காய வைக்கிறது, மாரியில் வீதியில் தண்ணீர் நிற்கிறது. கோளாறுகளும் அதற்கேற்றபடிதான் வருகின்றன.

கையில் இருக்க வேண்டியவை: சொந்தமாக ஒரு காற்றுக் கேஜ், டோர்ச், சவர்க்காரத் தண்ணீர், ஒரு சோக்கட்டி. பெற்றோல் செட்டில் இருக்கும் கேஜ் நாள் முழுக்க அடிபடுவது. இரண்டு இடத்துக் கேஜ் இரண்டு கணக்குக் காட்டும். உங்களுடைய ஒன்றை வைத்து ஒப்பிட்டால்தான் டயர் காற்று இழக்கிறதா என்பது நிச்சயமாகத் தெரியும்.

முதலில் டயரில் உள்ளதைப் படியுங்கள்

நம் வீதிகளில் நிறைய ஓடும் ஜப்பான் வேகன் ஆரில் 155/65 ஆர்14 75எஸ் என்று இருக்கும். 155 என்பது டயரின் அகலம், மில்லிமீற்றரில். 65 என்பது பக்கவாட்டின் உயரம், அகலத்தில் நூற்றுக்கு 65 பங்கு. அதாவது சுமார் 101 மி.மீ. ஆர் என்றால் ரேடியல், உள்ளிழை குறுக்காக ஓடும் வகை. 14 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 75 என்பது சுமைக்குறி, கிலோ அல்ல. 75க்கு ஒரு டயர் தாங்குவது 387 கிலோ, 82க்கு 475, 84க்கு 500, 91க்கு 615. கடைசி எழுத்து வேகம்: எஸ் 180, டி (T) 190, எச் 210, வி 240 கிலோ மீற்றர்.

அளவு மாற்ற விரும்பினால் மொத்த விட்டத்தைக் கணக்கிடுங்கள். பக்கவாட்டு உயரத்தை இரண்டால் பெருக்கி, ரிம் விட்டத்தை 25.4ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்ட வேண்டும். 155/65 ஆர்14க்கு 557 மி.மீ. வருகிறது. 165/65 ஆர்14க்கு 570; நூற்றுக்கு 2.3 கூட. 175/65 ஆர்14க்கு 583, நூற்றுக்கு 4.7 கூட. நூற்றுக்கு 3க்குள் நிற்பது பாதுகாப்பான எல்லை. 175 போட்டால் வேகமானி 60 காட்டும்போது கார் 63க்குப் பக்கத்தில் ஓடும், ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கையில் மட்காட்டில் உரசவும் கூடும். 165உம் ரிம் அகலத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்த்தே போட வேண்டும்.

வான் வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். ஹையேஸில் வருவது 195/80 ஆர்15 107/105 எல்.டி. (LT) ஜிம்னி ஜீப்பிலும் அதே 195/80 ஆர்15தான், ஆனால் சுமைக்குறி 96. வெளித்தோற்றத்தில் வித்தியாசம் தெரியாது. முதலாவது தனிச் சில்லாக (107 தனிச் சில்லுக்கு, 105 இரட்டைச் சில்லுக்கு) 975 கிலோ தாங்கும், இரண்டாவது 710. ஆட்களையும் பொதியையும் நிரப்பிக்கொண்டு ஓடும் வானுக்கு அளவு மட்டும் பார்த்து இரண்டாவதைப் போடுவது, ஒவ்வொரு சில்லிலும் 265 கிலோ தாங்கும் சக்தியைக் கழற்றி எடுத்துவிட்டுப் பயணிகளை ஏற்றுவதாகும். வான், லொறி டயரில் சி அல்லது எல்.டி. என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம் பிறந்த திகதி. 3221 என்றால் 2021ஆம் ஆண்டின் 32ஆவது வாரம். இந்த நான்கும் டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கலாம். வெளியே இல்லை என்றால் காருக்குக் கீழே டோர்ச் அடித்து உட்பக்கம் பாருங்கள். புது டயர் வாங்கும்போதும் பார்க்க வேண்டியது இதுதான். பழைய டயர் போட்டு வரும் காரை வாங்கும்போது இன்னும் முக்கியம்: பள்ளம் ஆழமாக இருக்கிறது என்று விற்பவர் காட்டுவார், திகதியைக் காட்ட மாட்டார்.

டயரில் அச்சிட்டிருக்கும் உச்சக் காற்றழுத்தம் அந்த டயர் தாங்கும் எல்லை. அடிக்க வேண்டிய அளவு அதல்ல. அடிக்க வேண்டியது சாரதி பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கிறது. ஜப்பானிலிருந்து வந்த கார்களில் அது கிலோபாஸ்கலில் 230, 240 என்று இருக்கும், 6.9ஆல் வகுத்தால் காற்றுக் கேஜ் காட்டும் பிஎஸ்ஐ அலகில் வரும். 230 என்றால் 33, 240 என்றால் 35. பக்கத்திலேயே 2.3, 2.4 என்றும் இருக்கும். அதுவும் அதே அளவுதான், அலகு வேறு. எந்தக் கார் வந்தாலும் கேட்காமல் ஒரே அளவு அடித்து அனுப்பும் இடங்கள் உண்டு. இறங்கி நின்று உங்கள் அளவைச் சொல்லுங்கள்.

அறிகுறி: ஒரு டயரில் மட்டும் காற்று மெல்ல இறங்குகிறது

நல்ல டயரும் மாதத்துக்கு 1 முதல் 2 பிஎஸ்ஐ இழக்கும். ஒரு வாரத்தில் 3 இறங்கினால் எங்கோ கசிகிறது. காலையில், கார் ஓடாத நிலையில், 33 அடித்து வைத்துவிட்டுப் பின்வரும் வரிசையில் தேடுங்கள்.

முதலில் வால்வின் வாய். மூடியைக் கழற்றி ஒரு சொட்டுச் சவர்க்காரத் தண்ணீர் விடுங்கள். குமிழி எழுந்தால் உள்ளே இருக்கும் ஊசியை வால்வுச் சாவியால் இறுக்கிப் பாருங்கள்; நிற்காவிட்டால் ஊசியை மாற்றினால் போதும். பெரும்பாலும் மூடி இல்லாத வால்வில்தான் இது வரும். மணலும் உப்பும் நேரே உள்ளே போகும். மூடி அலங்காரத்துக்கு அல்ல.

இரண்டாவது, வால்வின் அடி. வால்வை விரலால் மெல்ல வளைத்துக்கொண்டே தண்ணீர் விடுங்கள். ரப்பர் வெடித்திருந்தால் வளைக்கும்போதுதான் கசியும், ஓடும்போதும் அப்படித்தான். ஒவ்வொரு முறை டயர் மாற்றும்போதும் ரப்பர் வால்வையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

மூன்றாவது, டயரும் ரிம்மும் சேரும் விளிம்பு. கடலோரத்து ஊருக்கு உரிய கோளாறு இது. சுற்றிவரச் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றி இரண்டு நிமிடம் காத்திருங்கள். இங்கே குமிழி பெரிதாக எழாது, நுரை போல மெல்லியதாக ஒரே இடத்தில் கூடும். உட்பக்க விளிம்பையும் பார்க்க வேண்டும். நிலாவெளி, உப்புவெளி கடற்கரையோரம் நிறுத்தி வைக்கும் கார்கள், மீன் ஏற்றும் வான்கள், உப்பளப் பக்கம் போய்வரும் வாகனங்கள் ஆகியவற்றின் அலோய் ரிம்மில் டயர் உட்காரும் இடத்தில் வெள்ளைப் பொடி போலப் பூத்திருக்கும். இரும்பு ரிம் என்றால் துரு. அந்தப் பொடி டயரை ரிம்மிலிருந்து மயிரிழை தூக்கிவிடும், காற்று அந்த வழியே போகும். மறுபடி மறுபடி காற்று அடிப்பதால் தீராது. டயரைக் கழற்றி, ரிம் விளிம்பைக் கம்பித் தூரிகையாலும் மணற்கடதாசியாலும் உலோகம் தெரியச் சுத்தம் செய்து, விளிம்புப் பசை பூசி, திரும்ப ஏற்ற வேண்டும். நான்கில் ஒன்று இப்படியானால் மற்ற மூன்றும் வரிசையில் நிற்கின்றன என்று எடுத்துக்கொண்டு, அடுத்த டயர் மாற்றும்போது அவற்றையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். கடற்கரைக்குப் போய்வந்த அன்றே நல்ல தண்ணீரால் சில்லின் வெளிப்பக்கத்தோடு உட்பக்கத்தையும் கழுவினால் இந்த வேலை பல வருடம் தள்ளிப் போகும்.

கடைசியாகத்தான் ஆணி. காரை அரைச் சுற்று உருட்டி, தரையில் பட்டிருந்த பகுதியையும் பாருங்கள். கண்ட இடத்தைச் சோக்கால் குறியுங்கள், ஆணியைப் பிடுங்க வேண்டாம். கடை வரை அதுவே அடைப்பு.

அறிகுறி: ஆணி ஏறியிருக்கிறது, ஒட்டலாமா?

தேயும் பரப்பின் நடுப்பகுதியில், 6 மி.மீ.க்கு மேற்படாத துளை என்றால் ஒட்டலாம். தோளிலும் (தேயும் பரப்பு பக்கவாட்டோடு சேரும் ஓரம்) பக்கவாட்டிலும் ஒட்டக் கூடாது. அந்த இடம் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து விரியும், ஒட்டு நிற்காது. வெளியிலிருந்து செருகும் நார் ஒட்டு அவசரத்துக்குச் சரி. நிலையான ஒட்டு என்றால் டயரைக் கழற்றி, உள்ளே பார்த்து, காளான் வடிவத் தக்கையை உட்பக்கமிருந்து இழுத்து ஒட்டுவதே.

கழற்றச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. காற்றில்லாமல் கொஞ்சத் தூரம் ஓடிய டயரின் உள்ளே கையை விட்டால் கறுப்புத் தூள் ஒட்டும், பக்கவாட்டின் உட்சுவரில் சுற்றிவர ஒரு கோடு தெரியும். அந்த டயர் உள்ளே சிதைந்துவிட்டது. துளை எவ்வளவு சிறிதாக இருந்தாலும் ஒட்டிப் பயனில்லை. கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் காட்டு வழியில், யானைப் பயத்தில் நிறுத்தாமல் ஓட்டி வந்தவர்களுக்கு இது நடக்கும். உயிர் முதல், டயர் பிறகு. ஆனால் அந்த டயரைத் திரும்ப ஏற்றாதீர்கள்.

அறிகுறி: நடு தேய்கிறது, அல்லது இரண்டு ஓரமும் தேய்கிறது

நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்றுக் குறைவு, அல்லது ஓயாத பாரம். குறைவுதான் ஆபத்து: பக்கவாட்டு அதிகம் மடிந்து, மடிந்து சூடேறும், வெயில் கொதிக்கும் தாரில் இன்னும் ஏறும், வேகத்தில் வெடிக்கும்.

காலையில், ஓடுவதற்கு முன் பாருங்கள். வெப்பம் 10 பாகை செல்சியஸ் ஏறினால் அழுத்தம் சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ ஏறும். தம்பலகாமத்திலிருந்து நகருக்கு ஓட்டி வந்து பகல் 1 மணிக்கு அளந்தால் 33 அடித்த டயர் 37 காட்டலாம். அது சரியான நிலைதான். அதிகம் என்று நினைத்துக் காற்றை இறக்கினால் மறுநாள் காலை குறைவாகத்தான் நிற்கும்.

அறிகுறி: ஒரு பக்கம் மட்டும் தேய்கிறது, கார் ஒரு பக்கம் இழுக்கிறது

நம் வீதிகள் நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்தவை. இடப்பக்கம் ஓட்டும்போது கார் மெல்ல இடப்பக்கம் சாய்வது இயல்பு. சமமான நேர் வீதியில், வாகனம் இல்லாத நேரத்தில், 50இல் ஸ்டியரிங்கை லேசாக விட்டுப் பாருங்கள். உடனே ஒதுங்கினால் கோளாறு.

வரிசை முக்கியம். முதலில் நான்கிலும் காற்றைச் சரியாக அடியுங்கள். பாதி இழுவை இதோடு தீரும். பிறகு முன் சில்லு இரண்டையும் இடம் வலம் மாற்றுங்கள் (ரொட்டேஷன் என்று அம்புக்குறி போட்ட டயர் என்றால் இந்தச் சோதனை வேண்டாம்). இழுவை மறுபக்கம் போனால் கோளாறு டயரில். அதே பக்கம் இழுத்தால் கோளாறு காரில்.

காரில் என்றால் எலைன்மென்டுக்கு (சில்லுகளின் கோணத்தை மெஷினில் திருத்துவது) ஓடும் முன் முன்பக்கத்தை ஜக்கில் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, சில்லை ஆட்டிப் பாருங்கள். மணிக்கூட்டின் 3உம் 9உம் இருக்கும் இடத்தில் பிடித்து ஆட்டும்போது தளர்வு தெரிந்தால் டை ரொட் (ஸ்டியரிங்கின் அசைவைச் சில்லுக்குக் கொண்டுபோகும் கம்பி) முனை. 12உம் 6உம் இருக்கும் இடத்தில் தளர்ந்தால் போல் ஜொயின்ட் (சில்லைத் தாங்கும் கையின் குமிழ் மூட்டு) அல்லது சில்லின் பேரிங். தளர்ந்த பாகத்தை மாற்றாமல் எலைன்மென்ட் செய்வது பணத்தை வீதியில் போடுவது. மெஷினில் இருக்கும்போது சரி காட்டும், முதல் பள்ளத்தில் கலைந்துவிடும்.

உள்ளங்கையைத் தேயும் பரப்பில் குறுக்கே தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் அரத்தைப் போலவும் இருந்தால் டோ (மேலிருந்து பார்க்கும்போது சில்லு உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்) தப்பு. இதை மெஷினில் திருத்தலாம். வழுவழுப்பாகவே ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் கேம்பர் (முன்னிருந்து பார்க்கும்போது சில்லு சாய்ந்து நிற்கும் கோணம்) தப்பு. பெரும்பாலான சிறு கார்களின் முன்பக்கத்தில் கேம்பரைத் திருத்த இடமே வைத்திருக்க மாட்டார்கள். வளைந்த பாகத்தைக் கண்டுபிடித்து மாற்ற வேண்டும். மாரியில் தண்ணீர் மூடிய குழியில் ஒருமுறை பலமாக விழுந்தாலே போதும். அதன்பின் ஸ்டியரிங் நேராக ஓடும்போது கோணலாக நின்றால் தாமதிக்க வேண்டாம்.

அறிகுறி: வேகத்தில் நடுக்கம்

ஏ6 வீதியில் 60, 70இல் ஓடும்போது ஒன்றும் தெரியாமல், குருநாகலிலிருந்து மீரிகம வரை அதிவேகப் பாதையில் ஏறி 90ஐத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்குகிறது என்பார்கள். 2022இல் அந்தப் பாதை திறந்த பிறகு கொழும்புக்கு அப்படிப் போகிறவர்கள் பலர். கார் கெட்டதும் அன்றல்ல, பலன்ஸ் (சில்லைச் சுற்றி எடை சமமாக இருப்பது) முன்பே போயிருந்தது. அந்த வேகத்தை அடையும் வரை வெளியே தெரியவில்லை.

ஸ்டியரிங் நடுங்கினால் முன் சில்லு, இருக்கை நடுங்கினால் பின் சில்லு. முதலில் ரிம்மின் உட்பக்கத்தைப் பாருங்கள். வயல் வழியோ செம்மண் வழியோ போன பின் காய்ந்து ஒட்டியிருக்கும் சேறே பலன்ஸைக் கெடுக்கும், கழுவினால் தீரும். அடுத்து, ரிம்மில் ஒட்டியிருந்த ஈயக் கட்டி விழுந்த இடம் சுத்தமான சதுரமாகத் தெரிகிறதா பாருங்கள். இரண்டும் இல்லை என்றால் பலன்ஸ் செய்யுங்கள். பலன்ஸ் செய்தும் போகாவிட்டால் ரிம் வளைந்திருக்கும், அல்லது டயர் வட்டம் குலைந்திருக்கும். மெஷினில் சுற்றும்போது பக்கத்தில் நின்று கண்ணால் பாருங்கள். பிரேக் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் டயரைத் தேட வேண்டாம், அது பிரேக் டிஸ்க்.

அறிகுறி: ஊளைச் சத்தம்

வீதியின் பரப்பு மாறும்போது சத்தமும் மாறினால் டயர். எந்தப் பரப்பிலும் ஒரே சத்தம், ஸ்டியரிங்கை ஒரு பக்கம் சாய்க்கும்போது கூடி மறுபக்கம் குறைந்தால் பேரிங். டயர் என்றால் கையால் தடவினால் மேடும் பள்ளமுமாக இருக்கும். ஷொக் அப்ஸோபர் ஓய்ந்திருக்கிறதா, எண்ணெய் வடிகிறதா பாருங்கள்.

அறிகுறி: வெடிப்பு, வீக்கம்

பக்கவாட்டில் கொழுக்கட்டை அளவு வீங்கினால் உள்ளே இழை அறுந்துவிட்டது. ஒட்டவோ பொறுத்துப் பார்க்கவோ இடமில்லை. அன்றே ஸ்பெயாரைப் போடுங்கள்.

வெடிப்பு மெதுவாக வரும். வெளிநாட்டில் இருப்பவர்களின் கார் முற்றத்தில் மாதக்கணக்கில் நிற்கும், ஒரே பக்கம் வெயில் படும். ஓடும் டயரில் ரப்பரோடு கலந்திருக்கும் காப்புப் பொருள் மேலே வந்துகொண்டிருக்கும். நிற்கும் டயரில் அது வருவதில்லை, காற்றிலுள்ள ஓசோன் ரப்பரை அறுக்கும். பள்ளம் புத்தம் புதிது போல 6 மி.மீ. இருக்கும், ஆனால் பக்கவாட்டை விரலால் அழுத்தி விரித்தால் கோடு கோடாகத் திறக்கும். மேலோட்டமான மயிர்க்கோடு என்றால் கவனித்து வாருங்கள். கோட்டுக்குள் நகம் பிடித்தால், அல்லது உள்ளே நூல் தெரிந்தால் மாற்றுங்கள். ஐந்து வருடம் தாண்டினால் வருடத்துக்கு ஒருமுறை தெரிந்தவரிடம் கழற்றிக் காட்டுங்கள். பத்து வருடம் ஆனால் பள்ளம் எவ்வளவு இருந்தாலும் எடுத்துவிடுங்கள். இந்தக் கடற்கரை வெயிலில் அதுவரை விடாமல் ஏழு, எட்டிலேயே மாற்றுவது புத்தி. டயர் பொலிஷ் என்று எண்ணெய்ப் பிசுக்கானதைப் பூசி வெடிப்பை மறைக்க வேண்டாம்.

நிறுத்தி வைக்கும் கார் என்றால் டயரை நிழலில் வையுங்கள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை யாரையாவது சில கிலோ மீற்றர் ஓட்டச் சொல்லுங்கள்.

அறிகுறி: மழையில் வழுக்குகிறது

பள்ளத்தின் அடியில் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும், பக்கவாட்டில் டி.டபிள்யூ.ஐ. (TWI) என்றோ சிறு முக்கோணமோ அந்த இடத்தைக் காட்டும். தேயும் பரப்பு அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்தால் மிச்சம் 1.6 மி.மீ., டயர் முடிந்தது. ஆனால் தண்ணீரை வெளியேற்றும் வேலையில் டயர் 3 மி.மீ.யிலேயே பலவீனமாகிவிடும். ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை மாரி. 3க்குக் கீழே இருப்பதைச் செப்டெம்பரில் மாற்றுங்கள். கிண்ணியா, மூதூர் வழியில் தண்ணீர் நிற்கும்போது மாற்ற நேரமிருக்காது.

இரண்டு டயர் மட்டும் வாங்க வசதி என்றால் புதியவை பின்னுக்குப் போக வேண்டும், முன்சில்லால் இழுக்கும் காராக இருந்தாலும். முன் வழுக்கினால் கார் நேரே போகும், காலை எடுத்தால் பிடித்துக்கொள்ளும். பின் வழுக்கினால் கார் சுழலும், சாதாரண சாரதியால் மீட்க முடியாது.

சில்லைக் கழற்றி மாட்டும்போது

10,000 கிலோ மீற்றருக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். முன்சில்லால் இழுக்கும் காரில் முன்னவை நேராகப் பின்னுக்கு, பின்னவை குறுக்காக முன்னுக்கு. அம்புக்குறி டயர் என்றால் அதே பக்கத்தில் முன் பின் மட்டும். மாற்றியபின் முன் பின் காற்றளவு வேறாக இருந்தால் திருத்த மறக்காதீர்கள்.

நட்டுகளைக் கையால் முழுதாக ஏற்றிவிட்டு, எதிரெதிராக இறுக்குங்கள். சிறு சுசுகிகளுக்குச் சுமார் 85, டொயோட்டா கார்களுக்கு 103 நியூட்டன் மீற்றர். காற்றுத் துப்பாக்கியால் முழு வேகத்தில் இறுக்கிய நட்டை நடுவழியில் காரோடு வரும் நட்டுச் சாவியால் திறக்க முடியாது, போல்ட்டும் இழுபட்டுப் போகும். கடைசி இறுக்கம் கையால் வேண்டும் என்று கேளுங்கள். 50 முதல் 100 கிலோ மீற்றர் ஓடியபின் ஒருமுறை இறுக்கம் பாருங்கள்.

ஸ்பெயாரையும் மாதத்துக்கு ஒருமுறை அளக்க வேண்டும். ஜப்பான் கார்களில் வரும் ஒல்லிச் ஸ்பெயாருக்கு 420 கிலோபாஸ்கல், அதாவது 60 பிஎஸ்ஐ. வேகம் 80க்கு மேல் கூடாது. அதை முன்சில்லால் இழுக்கும் காரின் முன்னுக்குப் போடாமல், பின்னிருந்து ஒரு நல்ல சில்லை முன்னுக்கு எடுத்து, ஒல்லியைப் பின்னுக்குப் போடுங்கள். சில கார்களில் ஸ்பெயாரே இல்லை, பசைப் போத்தலும் சிறு காற்றுப் பம்பும் மட்டும்தான். போத்தலின் முடிவுத் திகதியைப் பாருங்கள். பசை ஊற்றிய டயரைக் கடையில் கொடுக்கும்போது அதைச் சொல்லிவிடுங்கள், கழுவாமல் உள்ளே ஒட்டுப் பிடிக்காது.